பென்குயின் மொழியில் முதல் வகுப்பு

ஒரு காட்டில், மூன்று பக்கம் மலையும் நாலாவது பக்கம் செல்போன் கோபுரமும் நிற்கிற காட்டில், மிருகங்களுக்கென்று ஒரு கல்லூரி நடந்துவந்தது. அங்கே எல்லாரும் எல்லாப் பாடத்தையும் படித்தாக வேண்டும். யானை மரமேறப் படித்தது. குரங்கு வளை தோண்டப் படித்தது. மீன்கொத்தி 'குளம்புப் பராமரிப்பு' என்ற பாடத்தில் இரண்டு தடவை அரியர் வைத்துவிட்டு மூன்றாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கேட்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்பத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் முத்துப்பேச்சி என்றொரு கீரி இரண்டாம் ஆண்டு படித்தாள். அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கீரி அவள்தான். அவளுடைய அப்பா வேலிக்கு வேலி போய், "எங்க பேச்சி காலேஜ்ல படிக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பூரிப்பில் பாம்புப் புற்றைக்கூட விடவில்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் யாரையும் கடிக்காமல் திரும்பினார்.

ஹாஸ்டலில் பேச்சிக்கு அறைத்தோழி வடிவு. வடிவு ஒரு நல்லபாம்பு. அறை ஒதுக்கியது கம்ப்யூட்டர். விண்ணப்பத்தில் 'உணவுப் பழக்கம்' என்ற கட்டத்தில் கீரி 'பாம்பு' என்று எழுதியிருந்தாள், பாம்பு 'எலி' என்று எழுதியிருந்தாள். இருவருமே அசைவம் என்று கண்டுகொண்ட கம்ப்யூட்டர் ஒரே அறையில் போட்டுவிட்டது.

முதல் வாரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கண் மூடாமல் படுத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் முதல் தேர்வு வந்தது. மூன்றாம் வாரம் ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டை இன்னொருத்தி எழுதிக்கொடுத்தாள். பரம்பரைப் பகையை ஒழுங்காக வளர்க்க வேண்டுமென்றால் வாரத்துக்கு நாலு மணி நேரமாவது ஒதுக்க வேண்டாமா? பாட அட்டவணையில் அதற்கு இடமில்லை.

மூன்றாம் செமஸ்டரில் ஏழு பாடம், மூன்று செய்முறை. அதற்கே பேச்சி நடந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். அந்த நேரம் பார்த்து முதல்வர் மகராசன் எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். மகராசன் ஒரு காட்டெருமை. மைக் இல்லாமலே பேசக்கூடியவர். ஆனாலும் மைக்கில் பேசுவார்.

"தரமதிப்பீட்டுக் குழு இந்த வருசம் நம்ம கல்லூரிக்கு வருது" என்றார். "அயல்மொழி சொல்லிக் குடுக்காத கல்லூரிக்கு அங்கீகாரம் கிடையாதாம். அதனால இன்னையிலருந்து எல்லாரும் ஒரு அயல்மொழி படிக்கணும். கங்காரு மொழி, ஒட்டகச்சிவிங்கி மொழி, பென்குயின் மொழி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்துல பதிவு. முந்தினவங்களுக்கு முன்னுரிமை."

வடிவு அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். "ஏட்டி, ஒட்டகச்சிவிங்கி எடுத்துரு. அது வாயே தொறக்காதாம். பரீட்சையில சும்மா நின்னாலே பாஸ்."

பேச்சிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவளுக்கு மொழி பேசும் ஆசையெல்லாம் இல்லை. தன்னிடம் ஒன்றுமே கேட்காத ஒரு பாடம் உலகத்தில் இருக்கிறது என்றால் அதன் காலடியில் விழத் தயாராக இருந்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கல்லூரி முழுவதும் பாறை உச்சிக்கு ஏறியது. அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஆனால் மந்திக் கூட்டம் ஒன்பதரைக்கே மர உச்சியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரண்டு காலிலும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. வடிவுக்குக் கையே இல்லை. நாக்காலேயே தட்டி உள்ளே நுழைந்துவிட்டாள். பேச்சியின் போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றபோது ஒட்டகச்சிவிங்கிக்கு நாற்பது இடமும் போயிருந்தது. கங்காருவும் போயிருந்தது.

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆமை உட்கார்ந்திருந்தது.

"சார், சர்வர் ரொம்ப மெதுவா இருக்கு. அதான் கிடைக்கல."

"மெதுவாவா?" என்று ஆமை ஆச்சரியப்பட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே. உனக்குப் பென்குயின் போட்டுருக்கும்மா."

"மாத்த முடியாதா சார்?"

"தாராளமா மாத்தலாம். மாற்றுப் படிவம் எழுதிக் குடு."

"படிவம்?"

"தீந்துபோச்சு." ஆமைக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், ஓட்டிலிருந்து தலையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னது: "பென்குயினுக்கு நல்ல ஸ்கோப் இருக்குன்னு சொல்லுதாங்கம்மா."

"யாரு சார் சொல்லுதா?"

"எல்லாருந்தான்."

பென்குயின் வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர், பேச்சியைப் போலவே வட்டம் சுற்றி வந்து சேர்ந்தவர்கள். பாடம் நடத்த வந்தவர் பேராசிரியர் ஞானதுரை. அவர் ஒரு வாலாட்டிக் குருவி. மேலே கறுப்பு, கீழே வெள்ளை. பார்த்தாலே அந்தப் பாடத்துக்கென்று தைத்த மாதிரி இருந்தார். வந்ததும் வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டுப் பலகையில் எழுதினார்.

"கிளாவ் என்றால் பனி. கிளாவா என்றால் நேற்றுப் பெய்த பனி. கிளாவிக் என்றால் அடுத்தவர் தலையில் பெய்த பனி."

வெளியே வெயில் கருங்கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் வியர்க்க வியர்க்க எழுதிக்கொண்டார்கள்.

இலக்கணம் இன்னும் கடினம். பென்குயின் மொழியில் காலம் சொல்லில் இல்லை, காலில் இருந்தது. இடது காலில் நின்று சொன்னால் இறந்தகாலம். வலது காலில் நின்றால் எதிர்காலம். இரண்டு காலையும் ஊன்றினால் நிகழ்காலம். "நாலு கால் உள்ளவங்க?" என்று முள்ளம்பன்றி பூவுலிங்கம் கேட்டான். ஞானதுரை ஒரு நிமிடம் யோசித்து, "முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கணும்" என்றார். அதையும் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

பேச்சிக்குத் தனியாகப் படிக்க நேரம் ஏது? காலையில் விடுதியிலிருந்து மோப்ப ஆய்வகத்துக்குப் போகும் வழியில் படித்தாள். பின்னங்காலில் எழுந்து, இடது காலில் 'தின்றேன்', வலது காலில் 'தின்பேன்' என்று நொண்டி நொண்டிப் போவாள். ஊரிலிருந்து வந்த அவள் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காலில் முள் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னார்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அந்த மொழியில் வேறு எங்கும் கிடைக்காத சொற்கள் இருந்தன. 'ஊமக்' என்றால், தூக்கம் வந்தும் தூங்க முடியாமல் இருப்பது. அந்தச் சொல்லைப் படித்த அன்றைக்கு முழு வகுப்பும் அதை மூன்று தடவை எழுதிக்கொண்டது. எத்தனை நாளாக அனுபவித்த ஒன்று, அதற்கு ஒரு பேர் இருக்கிறது! 'த்ரூவி' என்றால், யாராவது நம்மைக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது. பனிக்கட்டிமேல் கூட்டமாக நின்று கடலைப் பார்க்கும் பென்குயின்களைப் பேச்சி நினைத்துக்கொள்வாள். பாவம், அவர்களுக்கும் நம்மைப் போலத்தான் என்று தோன்றும். இரண்டு தேர்விலும் அவளே முதல் மதிப்பெண். வேறு எந்தப் பாடத்திலும் அவளுக்கு அப்படி நடந்ததில்லை. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னபோது, "நம்ம வேலியில யாருக்கு அந்த மொழி தெரியும்!" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் வேலிக்கு வேலி போகக் கிளம்பினார்.

ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. தரமதிப்பீட்டுக் குழு வெள்ளிக்கிழமை வருகிறது. தலைவர் டாக்டர் பனிமயம். அவர் ஒரு பென்குயின்.

மகராசன் துள்ளிய துள்ளலில் அலுவலகச் சுவர் விரிசல் விட்டது. "ஞானதுரை, நமக்கு அடிச்சுது பாருங்க யோகம்! வரவேற்புரை முழுக்கப் பென்குயின் மொழியிலயே இருக்கணும். யாரு உங்க வகுப்புல முதல்? அந்தக் கீரிப் பிள்ளையா? அவளே பேசட்டும்."

ஞானதுரை சரி என்று வாலை ஆட்டினார். ஆடிய வால் நிற்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பேச்சி அவரைத் தேடி ஓடைக்கரைக்குப் போனாள். கல் இடுக்கில் இருந்த தன் கூட்டை அவர் நார் நாராகப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்குப் பேசுறதுல ஒரு சொல்லு சந்தேகம்."

ஞானதுரை மூட்டையை வைத்தார். "எல்லாச் சொல்லுமே சந்தேகந்தாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேர்முகத் தேர்வுல ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. கறுப்பு வெள்ளையா இருக்கீங்களே, பென்குயின் தெரியுமான்னாங்க. ஓரளவுக்குன்னு சொன்னேன். வேலையில சேர்றதுக்குள்ள படிச்சிரலாம்னு நெனச்சேன். நாளைக்கே வந்து சேருன்னுட்டாங்க. புத்தகமும் இல்ல, கேக்கறதுக்கு ஆளும் இல்ல. முதல் நாள் வாய்க்கு வந்த ஒண்ணச் சொன்னேன். நீங்க பன்னெண்டு பேரும் எழுதிக்கிட்டீங்க. எழுதினதும் அது பாடமாயிட்டு."

"அந்த இடது கால், வலது கால்?"

"அன்னைக்கு எனக்குக் கால் மரத்துப்போயிருந்துதும்மா."

கீரிக்குக் கோபம் வந்தால் உடம்பு இரண்டு மடங்காகும். பேச்சி மூன்று மடங்கானாள். ஐந்து மாதக் காலைப்பொழுது! நொண்டியே தேய்ந்த கால்! கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தவள் வேறொன்றைக் கேட்டாள். "த்ரூவி-ங்கிற சொல்லுகூடப் பொய்யா சார்?"

"அது மட்டும் பொய்யில்ல" என்றார் ஞானதுரை. "ஒம்பது வருசம் தற்காலிக விரிவுரையாளரா இருந்தேன். அதுக்கு ஒரு சொல்லு வேணும்போல இருந்துது."

பேச்சி அங்கிருந்து நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "எங்கயும் போயிராதீங்க சார். நாளைக்கு முன்வரிசையில உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அறையில் வடிவு எல்லாவற்றையும் கேட்டாள். "மேடையில ஏறி உண்மையச் சொல்லிரு."

"சொன்னா கல்லூரிய மூடிருவாங்கட்டி. மூணு செமஸ்டரும் செல்லாது. எல்லாத்தையும் முதல்லருந்து படிக்கணும்."

"அப்ப வாய மூடிக்கிட்டுப் பொய்யப் பேசு."

"அது வரமாட்டேங்கு வடிவு. அந்தச் சொல்ல எல்லாம் நான் நெசமாவே படிச்சேன்."

வடிவுக்கு வேறு யோசனை தோன்றவில்லை. ஊர்ந்து வந்து தோழியின் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். ஆறுதலுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் பனிமயம் ஒரு பெரிய ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தபடி வந்து இறங்கினார். தலையில் ஈரத்துண்டு, கக்கத்தில் பச்சைக் கோப்பு. ஆய்வகத்தைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், எதையும் பாராட்டவில்லை. கடைசியில் மேடையில் அமர்ந்து துண்டை எடுத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டார். ஞானதுரை முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகராசன் மைக்கைப் பிடித்து, "இப்போது எங்கள் மாணவி முத்துப்பேச்சி, தலைவர் அவர்களின் தாய்மொழியிலேயே வரவேற்பார்" என்றார்.

பேச்சி மேடைக்கு வந்தாள். மனப்பாடம் செய்த வரவேற்புரை தொண்டைவரை வந்தது. எதிரே அந்தக் கிழப் பென்குயின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியாது. அவள் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தனக்கு நன்றாகத் தெரிந்த அந்த மொழியிலேயே உண்மையைச் சொல்லத் தொடங்கினாள்.

"பெரியவரே, நான் பேசுகிற இது உங்கள் மொழி இல்லை" என்றாள். இடது காலுக்கு மாறினாள். "வாலாட்டிக் குருவி ஒன்று வேலை போய்விடும் என்று பயந்து இதை உண்டாக்கியது. எங்களுக்கு ஏழு பாடம், மூன்று செய்முறை இருந்தன. உண்மையா பொய்யா என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. தூங்கக்கூட நேரம் இருக்கவில்லை. ஊமக், ஊமக், ஊமக்."

கூட்டத்தில் பென்குயின் வகுப்பின் பதினொரு பேருக்கும் அது புரிந்தது. பன்னிரண்டாவது ஆள்தானே மேடையில் நிற்கிறாள். முதலில் பதினொரு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஞானதுரை கண்ணைத் திறந்தார். பிறகு முள்ளம்பன்றி பூவுலிங்கம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அவனைத் தொட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். அரை நொடி கழித்து டாக்டர் பனிமயமும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து மகராசன் சிரித்தார்.

அந்த அரை நொடி பேச்சியின் கண்ணில் பட்டது. கீரியின் கண்ணுக்கு அரை நொடி என்பது ஒரு யுகம்; பாம்பிடம் அதை வைத்துத்தான் அந்த இனமே பிழைத்து வந்திருக்கிறது. அவள் முகத்தை மாற்றாமல், இரண்டு காலையும் ஊன்றி, மிக மரியாதையாகச் சொன்னாள்: "பெரியவரே, உங்கள் தலைமேல் ஒரு நண்டு உட்கார்ந்திருக்கிறது."

பதினொரு பேரும் அவருடைய தலையைப் பார்த்தார்கள். டாக்டர் பனிமயம் தலையைத் தொடவில்லை. ரொம்ப ஆழமாக, உருக்கமாக, ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார்.

அதற்குப் பிறகு பேச்சிக்குப் பயம் போய்விட்டது. வலது காலில் நின்று தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள். பட்டம் வாங்கி வரும் நாளில் அவர் வேலிக்கு வேலி போய் என்ன சொல்வார் என்று பேசினாள். கடைசியில் 'த்ரூவி' என்ற சொல்லைச் சொல்லி நிறுத்தினாள். முன்வரிசையில் ஞானதுரை விம்மினார். பூவுலிங்கமும் விம்மினான். தலைவரும் அரை நொடி கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் எழுந்து தமிழில் பேசினார். "எத்தனையோ கல்லூரி பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமான உச்சரிப்ப என் வாழ்நாள்ல நான் கேட்டதே இல்ல."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கல்லூரிக்கு மிக உயர்ந்த தரச்சான்று கிடைத்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், உணவுக்கூடத்தின் பின்னால், ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குரல் பேச்சியைக் கூப்பிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டாக்டர் பனிமயம் கேட்டார். "என் தலையப் பத்தி ஏதோ சொன்னியாம்மா? எல்லாப் பயலும் மேலயே பாத்தானே."

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "நண்டு உக்காந்திருக்குன்னு சொன்னேன் ஐயா."

அவர் அதற்குப் பிறகுதான் தலையைத் தொட்டுப் பார்த்தார். "நான் பொறந்தது கடற்கரை ஊருல ஒரு வணிக வளாகத்துல. கண்ணாடி ரூமு, மெஷின் போடுற பனி. பிள்ளைக்குப் பிழைக்கத் தெரியணும்னு அம்மா தமிழ்லதான் பேசுனா. அவளுக்கும் வேற தெரியாது. போற இடமெல்லாம் 'உங்க மொழியில ரெண்டு வார்த்த பேசுங்க'ம்பாங்க. குழுத் தலைவர் நடுநிலையா இருக்கணும்னு சொல்லித் தப்பிச்சிருவேன். இன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன்."

"மாட்டல ஐயா. அது உங்க மொழியே இல்ல." பேச்சி நடந்ததையெல்லாம் சொன்னாள். இந்தத் தடவை தமிழில்.

அவர் கோப்பைத் திறந்து தரச்சான்றைக் கிழிப்பார் என்று அவள் பயந்தாள். அவரோ கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார். "அந்த முள்ளம்பன்றிக்கு நீ சொன்னது புரிஞ்சுதுல்லா?"

"புரிஞ்சுது ஐயா."

"எனக்குன்னு ஒரு மொழி வேணும்னு நானும் ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன். எவ்வளவு நாள்ல படிக்கலாம்?"

"ஏழு பாடத்தோட சேத்துப் படிச்சா அஞ்சு மாசம். இத மட்டும் படிச்சா மூணு வாரம்."

மூன்று வாரத்தில் அவர் படித்துவிட்டார். அவரிடமிருந்து அவருடைய அக்காவும், அவளிடமிருந்து பக்கத்து நகரத்துக் கண்ணாடி அறைகளும் படித்தன. ஒரே வருடத்தில் வணிக வளாகங்களில் உள்ள பென்குயின்கள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்று பழங்கதை பேசத் தொடங்கின. பார்க்க வந்த கூட்டம், என்ன இருந்தாலும் ரத்தத்தில் ஊறியது போகுமா என்று மெச்சிக்கொண்டது. ஞானதுரை நிரந்தரப் பணியில் துறைத்தலைவர் ஆனார். வடிவுதான் ஒட்டகச்சிவிங்கி மொழியில் தோற்றுப்போனாள். முழுத் தேர்வும் அசையாமல் நின்றவளின் மௌனத்தில் மூன்று சந்திப்பிழை இருந்ததாகத் தேர்வாளர் குறித்திருந்தார்.

அடுத்த ஆண்டு தென்துருவத்திலிருந்தே ஒரு கடிதம் வந்தது. 'நாங்கள் பேசுவது சரியில்லை என்று கேள்விப்பட்டோம். திருத்திக்கொள்ள ஆள் அனுப்புகிறோம்' என்று எழுதியிருந்தது. பின்னாலேயே பன்னிரண்டு அசல் பென்குயின்கள், துருவத்தில் பிறந்து துருவத்தில் வளர்ந்தவை, கப்பலேறி வந்து சேர்ந்தன. வெயிலில் வரிசையில் நின்று படிவம் நிரப்பி வகுப்பில் உட்கார்ந்தன. பொழுது போகாத நேரத்தில் தங்களுக்குள் ஏதோ மெல்லிய, ஊதுகுழல் போன்ற ஒலியில் பேசிக்கொள்ளும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். வகுப்பில் அப்படிப் பேசக்கூடாது என்று ஞானதுரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

பேச்சி இப்போது இறுதியாண்டு. அவளுக்கு எட்டுப் பாடம், நாலு செய்முறை, கூடவே பென்குயின் துறையில் உதவித் தேர்வாளர் பொறுப்பு. வாய்மொழித் தேர்வில் முதல் பென்குயின் வந்து நின்றது. இடது காலில் நிற்கவும் அதற்கு வரவில்லை. 'கிளாவ்' என்று சொல்லச் சொன்னால் அந்த ஊதுகுழல் ஒலிதான் வந்தது. அது அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தது. பேச்சிக்கு ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. எதையோ சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் இன்னும் பதினொரு பேர் வெளியே நின்றார்கள், மறுநாள் அவளுக்கே இரண்டு தேர்வு இருந்தது. அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சிவப்பு மையில் எழுதினாள்:

'தோல்வி. உச்சரிப்பில் தாய்மொழி வாடை அடிக்கிறது.'

நீதி: ஒரு மொழியைப் பிழையில்லாமல் பேச வேண்டுமென்றால், அதை முதலில் வீட்டில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.